பெருவிரலால் மறைத்த பெயர்

மஹய்யாவ, கண்டி.
ஞாயிற்றுக்கிழமை, காலைத் தேநீருக்குப் பிறகு.

என் அன்பு மகனுக்கு,

நீ புசல்லாவைக்குப் போய் ஒரு மாதம்தான் ஆகிறது, அதற்குள் இவ்வளவு கனமான கடித உறையா என்று சிரிப்பாய். சிரி. தொலைபேசியில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே நீ வேறு வேலை பார்ப்பது எனக்குத் தெரியும். கடிதத்திடம் அப்படித் தப்ப முடியாது. உப அதிபராகப் போன புதிய பாடசாலையில் இந்தத் தவணையின் ஆசிரியர் கூட்டத்தில், ஆசிரியர்களும் சமூக ஊடகமும் பற்றி உன்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள் என்றாய். "அம்மா, நம்ம வீட்டுல நடந்ததச் சொல்லலாமா? உங்க பேரச் சொல்ல மாட்டேன், ஒரு ஆசிரியர் வீட்டுலன்னு மட்டும் சொல்றேன்" என்று கேட்டாய். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்தாயிற்று. என் பெயரையே சொல். பெயரை மறைத்துக் கதை சொல்வதில் இந்த வீட்டுக்கு நல்ல அனுபவம் இல்லை. அதைவிட, இந்தக் கடிதத்தை அப்படியே அங்கே வாசித்துவிடு. உனக்குத் தெரிந்ததையும் முழுதாக எழுதுகிறேன், ஏனென்றால் அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு நம்மைத் தெரியாது. வாசிக்கும்போது ஓடாதே. முற்றுப்புள்ளி வந்தால் நின்று மூச்சு விடு.

முதலில் என்னை அறிமுகப்படுத்து. எழுபத்து நான்கு வயது. முப்பத்து மூன்று வருடம் கணிதமும் தமிழும் கற்பித்தவள். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்துக்கு நெற்றியில் விபூதியோடு போய், செபங்களையும் மனப்பாடமாகச் சொன்னவள். உன் அப்பா மாநகரசபையில் எழுதுவினைஞராக இருந்தார். அவர் போய் ஒன்பது வருடமாகிறது. யார் கல்யாணக் கார்டு கொண்டுவந்தாலும் அதில் உள்ள பிழைகளைத் திருத்திவிட்டுத்தான் நான் வாழ்த்துவேன் என்று இந்தத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அது உண்மைதான். நான் புதிதாக ஆசிரியரானபோது எங்கள் அதிபராக இருந்த சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, தெருவில் மாணவி ஒருத்தி எதிரே வந்தால் கையில் இருப்பதை மறைக்கும் நிலைமை உனக்கு வரக் கூடாது என்றார். அன்றிலிருந்து நான் கண்டி வாவிக்கரையில் கடலை தின்றதில்லை. உன் அப்பா ஒரு சுருள் வாங்கி என்னிடம் நீட்டுவார், நான் தலையாட்டுவேன், அவர் தனியாகத் தின்றுகொண்டு நடப்பார். "யாருக்குப் பயப்படுற? கடலைக்கா?" என்பார். "எட்டாம் வகுப்பு பி-க்கு" என்பேன். அப்படிக் கட்டுப்பாடாக இருந்த கையில்தான் நீ ஒரு ஃபோனை வாங்கிக் கொடுத்தாய். ஒரே வருடத்தில் ரோஜாச் செடி, தோசை, கொய்யா மரத்துக் குரங்கு எல்லாவற்றையும் முகநூலில் போட்டேன். என் முழங்கால் எக்ஸ்ரேயைக்கூடப் போட்டேன். அதற்குக் கீழே ஒருவர் "சூப்பர்" என்று எழுதியிருந்தார்.

ஆனால் உன் விஷயத்தில் மட்டும் நான் பழைய சிஸ்டராகவே இருந்தேன். நினைவிருக்கிறதா, மாத்தளையில் உன் நண்பனின் கல்யாணம்? வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் யாருடைய சால்வையையோ சுற்றிக்கொண்டு நீ ஆடியதை ஒருவன் வீடியோ எடுத்துப் போட்டான். உன் வகுப்புப் பிள்ளைகள் அனுப்பிய நண்பர் வேண்டுகோள்களை எல்லாம் நீ அதற்கு முன்பே தாராளமாக ஏற்று வைத்திருந்தாய். திங்கட்கிழமை நீ கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், பின்வரிசையிலிருந்து அந்தப் பாட்டு முனகலாக வந்ததாம். "சேர், ஒரே ஒரு ஸ்டெப்பு சேர்!" என்று ஒருவன் கெஞ்சினானாம். நான் சிரிப்பேன் என்று நினைத்து வீட்டுக்கு வந்து சொன்னாய். சிரித்தேன், குசினிக்குள் போய். உன் முன்னால் ஒரு வாரம் பிரசங்கம் செய்தேன். மாணவரை நண்பராக ஏற்காதே. வகுப்புக் குழுவில் பெற்றோரும் இன்னொரு ஆசிரியரும் இருக்கட்டும். உனக்குத் தனியாக எழுதும் பிள்ளைக்குத் தனியாகப் பதில் எழுதாதே. அதற்காகக் கண்டும் காணாமலும் இருந்துவிடாதே, மறுநாள் நாலு பேர் பார்க்கும் இடத்தில் கூப்பிட்டு என்ன ஏது என்று கேள். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் சொன்னபடி செய்தாய். அந்த அறிவுரைகளில் ஒரு பிழையும் இல்லை, இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். சொன்னவளிடம்தான் பிழை இருந்தது.

ஆசிரியர் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு, எந்தச் சுற்றறிக்கையிலும் அதைப் பார்க்க முடியாது. தவணைப் பரீட்சை முடிந்ததும் விடைத்தாள் கட்டு வீட்டுக்கு வரும். ஆசிரியர் திருத்துவார், வீட்டில் இருக்கும் இன்னொருவர் புள்ளிகளைக் கூட்டுவார். நான் சிவப்புப் பேனையோடு உட்கார்ந்தால் உன் அப்பா பென்சிலோடு எதிரில் உட்காருவார். நான் எங்கேயாவது இரண்டு புள்ளி விட்டிருந்தால் அவர் முகத்தில் தெரியும் சந்தோஷத்தை மாநகரசபையில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஏழு வயதில் நீ தாள்களைச் சுட்டெண் வரிசையில் அடுக்குவாய். நீ ஆசிரியரானதும் அந்தப் பென்சில் என் கைக்கு வந்தது. அதில் பிழை இருக்கலாம் என்று நீயும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. போன வருடம் இரண்டாம் தவணை, ஒரு சனிக்கிழமை காலை, நீ காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கக் கடைக்குப் போயிருந்தாய். தரம் ஆறு தமிழ்த் தாள்களை நான் கூட்டிக்கொண்டிருந்தேன். "எனது காலைப் பொழுது" என்ற தலைப்பில் ஒரு சிறுமியின் கட்டுரை கையில் வந்தது. அவள் பெயரை இங்கே எழுத மாட்டேன். ஊரைக் கலஹா என்று எழுதுகிறேன். உண்மையில் அது கலஹாதானா என்று உன் ஆசிரியர்கள் கேட்டால் உனக்கு இருமல் வரட்டும்.

கட்டுரை இப்படி இருந்தது: "எனது அம்மா கொழும்பில் கார்மென்டில் வேலை செய்கிறார். அதனால் காலையில் அப்பாதான் எனக்குத் தலை பின்னுவார். அப்பா த்ரீவீல் ஓட்டுபவர். மரக்கறி மூட்டைக்குக் கயிறு கட்டுவதுபோல ஒரு காலைக் கதிரையில் ஊன்றிக்கொண்டு இழுத்துப் பின்னுவார். முடிந்ததும், இனி மலை இறங்கினாலும் அவிழாது என்பார். எனது புருவம் இரண்டும் மேலே போய்விடும். அதனால் காலை முழுவதும் எதையோ கண்டு ஆச்சரியப்பட்டவள்போல இருப்பேன். இரண்டாம் பாடம் வரை தலை வலிக்கும். அப்பாவுக்கு இது தெரியாது." நான் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி மேசையில் விழுந்தது. சிரித்ததோடு நிறுத்தியிருக்கலாம். தாளின் மேற்பக்கத்தில் இருந்த பெயரை இடது பெருவிரலால் மறைத்து, வலது கையால் படம் எடுத்து, "அப்பாமாருக்குப் பின்னல் வகுப்பு எப்போது தொடங்கலாம்?" என்று ஒரு வரியும் சேர்த்து, எங்கள் பழைய வகுப்புப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். வேடிக்கைக்காக மட்டும் அனுப்பினேன் என்றால் அது பொய். என் மகனிடம் படிக்கும் பிள்ளை எவ்வளவு நன்றாக எழுதுகிறது பாருங்கள் என்ற பெருமை பாதி. நான் இன்னும் கெட்டிக்காரத்தனமாக ஒரு வரி எழுதுவேன் பாருங்கள் என்பது மீதி. பெயரை மறைத்தேன் அல்லவா, அதனால் மனச்சாட்சி வாயைத் திறக்கவில்லை. நீ பாணோடு வந்தபோது உன்னிடம் சொல்லக்கூடத் தோன்றவில்லை.

எங்கள் குழுவில் ரெஜினா என்று ஒருத்தி. நாற்பது வருடமாகக் கனடாவில் இருக்கிறாள், ஊர் நினைவு வந்தால் எதையாவது முகநூலில் போடுவாள். இதையும் போட்டாள், "எங்கள் ஊர்ப் பிள்ளை" என்று தலைப்பிட்டு. இதயங்கள் குவிந்தன. கனடாவிலிருந்து கண்டிக்கு வர அதற்கு இரண்டு நாள்கூட எடுக்கவில்லை. மலை இறங்கினாலும் அவிழாது என்பது, கலஹாவில் அந்தத் தகப்பன் மூட்டை கட்டும் ஒவ்வொரு முறையும் சொல்லும் வாசகம். (கட்டுரையில் இருந்ததை இங்கே மாற்றியிருக்கிறேன். அவர் உண்மையில் சொல்வது வேறு.) சந்தியில் யாரிடம் கேட்டாலும் அது யாருடைய வாய்ப்பேச்சு என்று சொல்லிவிடுவார்கள், பெயர் எதற்கு? த்ரீவீல் தரிப்பிடத்தில் ஒருவன் ஃபோனை நீட்டி, "அண்ணே, எனக்கும் ரெண்டு பின்னல் போட்டு வுடுங்க, மலை எறங்கணும்" என்றானாம். அவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டே வாசித்திருக்கிறார். கடைசி இரண்டு வரிக்கு வந்ததும் ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். மறுநாள் காலை அவர் சீப்பைத் தொடவில்லை. பக்கத்து வீட்டுச் சித்தியிடம் போய்ப் பின்னிக்கொள் என்று மகளிடம் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அவள் சித்தியிடம் போகவில்லை. இரட்டைப் பின்னலும் ரிப்பனும் இல்லாமல் பாடசாலை வாசலில் மாணவத் தலைவிகள் விடமாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். அவள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். அந்த நாளும், அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும்.

நான்காம் நாள் உன்னை அதிபர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மாலையில் நீ வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், ஃபோனை என் முன்னால் வைத்தாய்.

"இது யாரு வெரலும்மா?"

"பேர மறைச்சுத்தானே அனுப்புனேன்!"

"பேர மறைச்சீங்க. எழுத்த மறைக்கல. அவங்கப்பா பேசுற பேச்ச மறைக்கல. நம்ம மேச விரிப்புல இருக்கற கிளியக்கூட மறைக்கல."

 சாப்பிட்டாயா என்று கேட்டேன். நீ சாப்பிடவில்லை. தாள் என் வீட்டிலிருந்துதான் வெளியே போனது, பொறுப்பு என்னுடையது என்று அதிபரிடம் சொல்லி, சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்திருந்தாய். அம்மா என்ற சொல்லை அங்கே உச்சரிக்கவே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பிறகும் இரண்டு நாள் நான் உன்னோடு வாதாடினேன். எங்கள் காலத்தில் ஆசிரியர் அறையில் இப்படி எத்தனை கட்டுரைகளை வாசித்துச் சிரித்திருக்கிறோம், யார் செத்தார்கள் என்றேன். "அங்க நீங்க சிரிச்சத அந்தப் புள்ளைங்க கேட்டுச்சாம்மா?" என்றாய். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கள் ஆசிரியர் அறைக்குக் கதவு இருக்கவில்லை, வெறும் திரைச்சீலைதான். அதன் பிறகு வாதாடுவதை விட்டேன்.

மறுநாள் நன்றாகக் கஞ்சி போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு, உன்னிடம் சொல்லாமல், உன் அதிபரைப் போய்ப் பார்த்தேன். அந்தப் புத்தகத்தில் என் பெயரை எழுதுங்கள் என்றேன். எனக்கு மகள் வயதிருக்கும் அவருக்கு. எழுந்து நின்று, கதிரை போட்டு, மரியாதையாகவே சொன்னார்: "டீச்சர், நீங்க எங்க ஸ்டாஃப் இல்லையே. உங்க பேர எப்படி எழுதுறது? விடைத்தாள் உங்க கைக்கு வந்திருக்கவே கூடாது. அது அவருடைய பிழைதான்." முப்பத்து மூன்று வருட சேவையோடு போனவளை ஒரு நிமிடத்தில் வெளியாளாக்கிவிட்டார். கோபத்தோடு பஸ்ஸில் ஏறியவளுக்கு, தெப்பக்குளத்தைப்போல வாவி அசையாமல் கிடந்ததைப் பார்த்தபோது, அவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை என்று உறைத்தது. செய்தவள் நான், எழுதப்பட்டது உன் பெயர். அதைவிடப் பெரிது, இவ்வளவு பேச்சிலும் அந்தப் பிள்ளை இன்னும் வீட்டில்தான் இருந்தாள்.

போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்று நான் துள்ளியபோது நீ தடுத்தது நினைவிருக்கிறதா? நினைத்த நேரம் போய்க் கதவைத் தட்டக் கூடாது, அவர்கள் வரச் சொன்னால் மட்டும் போகலாம், அதுவும் அதிபரோடு என்றாய். அதிபர் அழைத்துக் கேட்டபோது அந்தத் தகப்பன், "வரச் சொல்லுங்க, அந்த வெரலப் பாக்கணும்" என்றாராம். பேராதனையிலிருந்து பஸ் மலை ஏறும் வழியெல்லாம் நான் மன்னிப்புரையை ஒத்திகை பார்த்தேன். அதில் முன்னுரை, விளக்கம், முடிவுரை எல்லாம் இருந்தன. "அம்மா, மூணு வரியில சொல்லுங்க" என்றாய் நீ. முன் இருக்கையில் இருந்த அதிபரின் தோள் சிரிப்பில் குலுங்கியது.

சின்ன வீடு. பெயின்ட் வாளிகளில் செடி. அந்த மனிதர் வாசலில் நின்று, "வாங்க சேர், வாங்க மிஸ், உக்காருங்க டீச்சர்" என்றார். என் கைகள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எந்தக் கைங்க டீச்சர்?"

"இடது" என்றேன்.

"ம். பெரிய வெரலுதான். இருந்தாலும் பத்தல" என்றார். சிரிக்கவில்லை, ஆனால் கடுமையும் இல்லை.

அறை வாசல் சீலைக்குப் பின்னால் அந்தப் பிள்ளை நின்றாள். முடியை ஒற்றையாக இழுத்து இறப்பர் வளையம் போட்டிருந்தாள். நான் எழுந்து அவளிடம், "மகள், நீ எழுதுனத உன்னக் கேக்காம ஊருக்குக் காட்டிட்டேன். செஞ்சது பிழை. என்ன மன்னிச்சிரும்மா" என்றேன். எண்ணிப் பார், மூன்றே வரி. அவள் என்னைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள். "நான் சேருக்குத்தான் எழுதுனேன்" என்றாள்.  நீ தலையைக் குனிந்துகொண்டாய்.

தகப்பன்தான் பிறகு பேசினார். "அவனுங்க சிரிச்சது எனக்குப் பெருசில்லங்க டீச்சர். ஊரு பூரா தெரிஞ்சப்பறம் கடைசியா எனக்குத் தெரியுது, புள்ளைக்கு வலிக்குதுன்னு." மகள் பக்கம் திரும்பி, "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"சொன்னா சித்திகிட்ட அனுப்பிருவீங்க."

"சித்தி நல்லாத்தானே பின்னுவா?"

"சித்தி ஃபோன்ல பேசிக்கிட்டே பின்னுவாங்க. நீங்க எங்கிட்டப் பேசிக்கிட்டே பின்னுவீங்க."

கேத்தலில் தண்ணீர் கொதிக்கிறதா என்று பார்க்க அவர் உள்ளே போனார். அது கொதிக்கவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், அடுப்பே இன்னும் பற்றவைக்கவில்லை. அவர் திரும்பி வந்ததும் நான் அந்தப் பிள்ளையிடம், தலையை நான் தொடலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு வந்து என் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். சிஸ்டர்மார் எங்களுக்குச் சொல்லித் தந்தவற்றில் இன்றுவரை ஒருவரும் குறை சொல்லாதது இரட்டைப் பின்னல்தான். நடு வகிடு எடுத்து, பிடரியில் விரல் நுழையும் அளவு தளர்த்தி, கீழே போகப் போக இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை நான் பின்னிக் காட்டினேன், மறு பக்கத்தை அவரிடம் விட்டேன். காலைத் தூக்கிக் கதிரையில் வைத்தார். "தம்பி, இது மூட்டையில்ல, கால எறக்குங்க" என்றேன். "அப்ப இது அவுந்திராதா?" என்று சந்தேகமாகக் கேட்டார். பாடசாலை விடும் வரைக்கும் தாங்கும், அதற்கு மேல் தேவையில்லை என்றேன். இரண்டாவது முறையிலேயே சரியாக வந்தது. அவள் கண்ணாடியைப் பார்த்து, புருவத்தை ஏற்றி இறக்கிச் சோதித்துவிட்டு, "வலிக்கலப்பா" என்றாள்.

இப்போது உன் ஆசிரியர்கள் கவனமாகக் கேட்க வேண்டிய இடம். அவ்வளவு நடந்த பிறகு, அந்த வீட்டிலேயே, கையில் தேநீர்க் கோப்பையோடு, நான் என்ன செய்தேன்? கைப்பையைத் திறந்து ஃபோனை எடுத்தேன். அவர் பின்னிய பின்னல் அவ்வளவு அழகாக இருந்தது. எல்லோரும் இதையும் பார்க்கட்டும், அந்தத் தகப்பனைப் பார்த்துச் சிரித்தவர்கள் இதையும் பார்க்கட்டும் என்று நினைத்தேன். நல்ல எண்ணம்தான், சத்தியமாக. ஃபோனை உயர்த்தினேன்.

"டீச்சர், இதையும் போடப் போறீங்களா?" என்று கேட்டாள் அந்தப் பிள்ளை.

"பின்பக்கம் மட்டுந்தான்மா. முகம் தெரியாது."

"என் தலை எல்லாருக்கும் தெரியும்" என்றாள்.

அவள் அப்பா வெடித்துச் சிரித்துவிட்டார். ஒரு வாரத்துக்குப் பிறகு நீயும் சிரித்தாய். அதிபரும் அடக்கிப் பார்த்து முடியாமல் சிரித்தார். நான் ஃபோனை உன் கையில் கொடுத்து, வீடு போய்ச் சேரும் வரை திருப்பித் தராதே என்றேன். நீ மறுநாள்தான் தந்தாய்.

திங்கட்கிழமை அவள் பாடசாலைக்கு வந்தாள், ஒரு பின்னல் கொஞ்சம் உயரத்தில், மற்றது கொஞ்சம் பள்ளத்தில். நீ அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் வரவை மட்டும் பதிந்தாயாம். மாலை வீட்டுக்கு வந்து, "வந்துருச்சும்மா" என்றாய். நான் அன்றைக்குப் பாயசம் வைத்தேன், என்ன விசேஷம் என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள், சொல்லவில்லை. பார், கற்றுக்கொண்டுவிட்டேன். ரெஜினாவிடம் அழிக்கச் சொன்னபோது, "அடியே, இவ்வளவு இதயம் வந்திருக்கு, எப்பிடிடி அழிக்கிறது?" என்று அழாக்குறையாகக் கேட்டாள். வகுப்புத் தலைவியாக இருந்த காலத்துக் குரலை எடுத்தேன், அழித்தாள். ஆனாலும் போன மாதம் முன்பின் தெரியாத ஒருவர் அதே படத்தை என் ஃபோனுக்கே அனுப்பியிருந்தார், "சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது" என்று. என் பெருவிரல் இன்னும் எந்தெந்த நாட்டில் சுற்றிக்கொண்டிருக்கிறதோ.

உன் கூட்டத்தில் சுற்றறிக்கையிலிருந்து தொடங்காதே, மகன். எல்லோரும் உன்னைப்போலத் தலையாட்டிக்கொண்டு வேறு வேலை பார்ப்பார்கள். அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் இளம்பிள்ளைகள், நாள் முழுக்கக் கத்திக் களைத்தவர்கள். "இன்றைக்கு ஏழு சி என்னை முடித்துவிட்டது" என்று ஒரு ஸ்டேட்டஸ் போடுவதில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் நினைப்பார்கள். பெயர் இல்லையே என்பார்கள். ஏழு சி-யில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் அது தானோ என்று நினைக்கும் என்று சொல். கேலியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்துவிடாதே. சப்பாத்து வாங்கிக் கொடுத்துவிட்டு, அதை வாங்கும் பிள்ளையை வரிசையில் நிற்கவைத்துப் படம் எடுக்கிறோமே, அதைப் பற்றியும் பேசு. அப்படிப்பட்ட படங்களுக்கு நானே எத்தனை இதயம் போட்டிருக்கிறேன். அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அந்தப் பிள்ளை மறுநாள் எப்படி நடந்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. பிள்ளையைக் கேட்டுவிட்டுத்தான் போட்டேன் என்று யாராவது சொல்வார்கள். ஆசிரியர் கேட்டால் எந்தப் பிள்ளை மாட்டேன் என்று சொல்லும்? வீட்டாரிடம் கேட்க வேண்டும், யோசிக்க நாள் கொடுக்க வேண்டும், வேண்டாம் என்றால் மறுநாள் அதே முகத்தோடு அந்தப் பிள்ளையைப் பார்க்க வேண்டும். விடைத்தாள்களைப் பாடசாலையிலேயே கூட்டிவிட்டு வரச் சொல். நீ இப்போது அப்படித்தான் செய்கிறாய் என்று தெரியும். அந்தப் பென்சிலை நான் பத்திரிகையில் குறுக்கெழுத்துக்கு எடுத்துக்கொண்டேன்.

இந்தக் கடிதம் முதலில் உன்னிடம் வரவில்லை. நீ கேட்ட அன்றே எழுதி முடித்துவிட்டேன், ஆனால் கலஹாவுக்குத்தான் அனுப்பினேன், உன் பழைய அதிபர் மூலம். வேண்டாம் என்றால் ஒரு சொல் போதும், கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்று மேலே ஒரு துண்டும் வைத்தேன். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தது. தகப்பனுக்கு ஒரே ஒரு ஆட்சேபம். மூன்றாவது முறையில்தான் பின்னல் சரியாக வந்தது என்று நான் எழுதியிருந்தேன், இரண்டாவது முறையிலேயே வந்துவிட்டது என்றார். திருத்திவிட்டேன். அந்தப் பிள்ளை, இப்போது தரம் ஏழு, முழுவதையும் வாசித்திருக்கிறாள். கட்டுரை இருக்கட்டும், ஆசிரியர்கள் கேட்கட்டும் என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாள். ஒரு வரியை மட்டும் அடிமட்டம் வைத்து நேராகக் கோடு போட்டு வெட்டியிருந்தாள். அவளைப் பற்றிய வரி அது. இந்தக் கடிதத்தில் நான் எழுதியவற்றில் அதுதான் மிக நல்ல வரி, அதற்காகவே இதை எழுதினேன் என்றுகூடச் சொல்வேன். அதில் பெயர் இல்லை, கேலி இல்லை, யாருக்கும் கெடுதல் இல்லை என்று விளக்கி ஒரு பக்கத்துக்கு எழுதி மறுபடி அனுப்பினேன். நாலு நாள் கழித்து அதே பக்கம் திரும்பி வந்தது, அடியில் "வேண்டாம் டீச்சர்" என்று அழகான கையெழுத்தில்.

ஆகவே அதை விட்டுவிட்டு அந்தத் தாளை மறுபடி சுத்தமாக எழுதினேன். அந்த வரி என்ன என்று கேட்காதே. உனக்கும் சொல்ல மாட்டேன்.

அம்மா